பழைய டூல்ஸ் பெட்டி: வாசகர் கேள்விகள்

அப்பா பின்னி மில்லில் ஃபிட்டர். அவர் பெட்டி முழுக்கத் துரு. பெயிண்ட் அடித்துவிடலாமா? (புளியந்தோப்பு)

தயவுசெய்து அடிக்காதீர்கள். மூடியின் உள்பக்கத்தை முதலில் பாருங்கள். பெயரையோ டோக்கன் நம்பரையோ ஆணியால் கீறி வைத்திருப்பார்கள். புதுப் பெயிண்டில் முதலில் மறைவது அதுதான்.

நம் பக்கம் கடல் காற்று. துருவுக்கு அடியில் உப்பு தங்கியிருந்தால், மேலே என்ன பூசினாலும் மறுபடி துரு கிளம்பும். அதனால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி உடனே வெயிலில் காய வையுங்கள். அப்புறம் தையல் மெஷின் எண்ணெய் தொட்டு, மிக மெல்லிய ஸ்டீல் வூலால் (இரும்பு இழைப் பஞ்சு) துரு உள்ள இடத்தை மட்டும் லேசாகத் தேயுங்கள். கடைசியில் மெழுகு பாலிஷ். பித்தளைக்குச் செய்வதுபோல் புளித்தண்ணீரில் ஊறப் போட வேண்டாம், ஜி.ஐ. (துத்தநாக முலாம் பூசிய இரும்பு) தட்டாக இருந்தால் துருவோடு முலாமும் கரைந்துவிடும். பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாளால் வறட்டுத் தேய்ப்பு தேய்த்துத் தூள் கிளப்பாதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் கூடவே கூடாது.

காயலான் கடையில் ரயில்வே முத்திரை குத்திய பெட்டி இருக்கிறது. வாங்கலாமா? (வியாசர்பாடி)

பில் இல்லாமல் வேண்டாம். பெரம்பூரைச் சுற்றி கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ், 1955இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை ஐ.சி.எஃப். எல்லாம் இருக்கும்போது இந்தப் பக்கம் இப்படிப் பெட்டி வருவது அதிசயமில்லை. ஆனால் 1966ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டப்படி, திருட்டுப் பொருளோ என்று சந்தேகப்படும்படியான ரயில்வே சாமான் கையில் இருந்தாலே வழக்கு வரும். நியாயமாக வந்தது என்று வைத்திருப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். ஏலத்தில் எடுத்த ஸ்கிராப் என்றால் கடைக்காரரிடம் சீட்டு இருக்கும். கேட்டு ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். நான் மிகவும் ஆசைப்பட்ட ஒரு பெட்டியை இதற்காகவே விட்டுவிட்டு வந்தேன். இன்னும் மனசு கேட்கவில்லை.

பிரவுன் பெயிண்ட் முழுக்கச் சுருக்கம். கெட்டுப்போனதா? (ராயபுரம்)

இல்லை, அதைச் செய்ததே அப்படித்தான். பெயிண்டின் மேல் பகுதி அடிப் பகுதிக்கு முன்பே காய்ந்தால் இப்படிச் சுருங்கும். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து வான் வெர்ட் ஊரின் கென்னடி கம்பெனிப் பெட்டிகளுக்கு இதுவே அடையாளம். பெயர்த் தகடோ, அது இருந்த ரிவிட் ஓட்டையோ தெரிகிறதா பாருங்கள்.

தூண்டில் பெட்டித் தட்டில், மீனுக்கு இரையாக மாட்டும் ரப்பர் புழுக்கள் உருகி ஒட்டிவிட்டன. (திருவொற்றியூர்)

அவை பெரும்பாலும் மென்மையாக்கிய பிளாஸ்டிக். அதிலிருந்து கசியும் எண்ணெய் பிளாஸ்டிக் தட்டையும் பெயிண்டையும் இளக்கிவிடும். இன்றே எடுத்து அவை வந்த உறையிலேயே போட்டு, பெட்டிக்கு வெளியே வையுங்கள்.