ரூட்டுக்கு மாறியும் யூசர்ஆட் ஓடவில்லை என்றால்

டெபியன் லினக்ஸில், முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக மாற எஸ்யூ (su) என்று மட்டும் அடிக்காதீர்கள். அதன்பின் ஓர் இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் போடுங்கள் (su -), புதிய பயனரைச் சேர்க்கும் யூசர்ஆட் (useradd) கட்டளை ஓடும். இதற்காக டெபியனை மறுபடி நிறுவச் சொன்னவர் யாரோ, அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

கடவுச்சொல் ஏற்கப்பட்டது, நீங்கள் ரூட்தான். ஆனால் கோடு இல்லாமல் மாறினால் பழைய பயனரின் பாத், அதாவது கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல், அப்படியே கூட வருகிறது. பயனரைச் சேர்க்கும் கட்டளைகள் இருப்பது எஸ்பின் (/usr/sbin) அடைவில். சாதாரணப் பயனரின் பாத்தில் அது இராது. ஆகவேதான் "கட்டளை கிடைக்கவில்லை" என்கிறது. 2019இல் வந்த டெபியன் 10 முதல் இப்படித்தான். உங்கள் தேக்கா கடையின் பழைய கணினியில் ஓடியது புதியதில் ஓடாததற்கும் அநேகமாக இதுவே காரணம்.

உறுதி செய்துகொள்ள, எக்கோ என்று அடித்து, டாலர் குறியோடு பாத் என்பதைப் பெரிய எழுத்துகளில் கொடுங்கள் (echo $PATH). எஸ்யூவில் கோடு இல்லாமல் மாறி ஒருமுறை, கோட்டோடு மாறி ஒருமுறை. இரண்டாவதில் மட்டும் எஸ்பின் தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது.

ஒன்றைக் கவனியுங்கள்: கோடு போட்டால் ரூட்டின் சொந்த அடைவுக்குப் போய்விடுவீர்கள். நீங்கள் நின்ற அடைவிலிருந்த கோப்புக்கு முழுப் பாதை கொடுக்க வேண்டும்.

டெபியன் இல்லாமல் உபுண்டு லினக்ஸ் என்றால் கதை வேறு. அங்கே ரூட்டின் கடவுச்சொல் முதலிலேயே பூட்டப்பட்டிருக்கும். எஸ்யூவுக்குப் பதில் சூடோவுக்குப் பின் கோடும் சிறிய ஐ எழுத்தும் போடுங்கள் (sudo -i).

மாலை ஷிப்டுக்காரர் வந்து உட்காரும் முன் எக்ஸிட் கொடுத்து வெளியேறிவிடுங்கள்.