பிரியாணியைத் தின்ற நாய்: ஐந்து நாள் கவனம் தேவை

கேள்வி: நேற்று இரவு விருந்து முடிந்ததும், மிச்சமிருந்த மட்டன் பிரியாணியை எங்கள் லாப்ரடார் (3 வயது, 28 கிலோ) எலும்போடு சட்டியைக் காலி செய்துவிட்டது. ஒரு முறை வாந்தி எடுத்தது, சோர்வாகப் படுத்திருக்கிறது. உப்புத் தண்ணீர் கொடுத்து மறுபடி வாந்தி எடுக்க வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். உப்பு ரத்தத்தில் ஏறினால் வலிப்பு வரும். போதாததற்கு, வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடையும். மேலே வரும்போது உணவுக்குழாயைக் கிழித்துவிடலாம்.

முதலில் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். மத்தளம்போல் விறைத்திருக்கிறதா? ஓங்கரித்தும் எதுவும் வெளியே வரவில்லையா? எச்சில் ஒழுக, படுக்க முடியாமல் தவிக்கிறதா? இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். நள்ளிரவானாலும் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

அப்படி இல்லையென்றாலும் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நான் பயப்படுவது வெங்காயத்துக்குத்தான். அது நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. நாயின் எடையில் கிலோவுக்கு 15 கிராம் வெங்காயமே ஆபத்தைத் தொடலாம். உங்கள் நாய்க்கு அது 420 கிராம். ஒரு கிலோ அரிசிக்கு எவ்வளவு வெங்காயம் வதக்கினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்! இதன் விளைவு அன்றே தெரியாது. நாய் தேறிவிட்டது என்று நாம் நிம்மதியாகும் மூன்றாவது, நான்காவது நாளில்தான் மூச்சு வாங்கும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும்.

அதனால் இப்போதே உதட்டைத் தூக்கி, ஈறு என்ன நிறம் என்று பகல் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். லாப்ரடாருக்கு ஈறு கறுப்பாக இருந்தால் கீழ் இமையை லேசாக இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். ஐந்து நாள் காலையும் மாலையும் பாருங்கள். வெளுத்தாலோ மஞ்சள் தட்டினாலோ தாமதிக்காதீர்கள்.

கொழுப்பு அதிகமானால் கணையம் வீங்கும். நெஞ்சைத் தரையில் பதித்து, பின்பக்கத்தைத் தூக்கியபடியே நாய் நின்றால் அது சோம்பல் முறிப்பதல்ல, வயிற்றுவலி. அதற்காகப் பாராசிட்டமால் மாதிரி நம் மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். மலம் கழிக்க முக்கினாலும், மலத்தில் ரத்தம் வந்தாலும் எலும்பு காரணமாக இருக்கலாம்.

சரி, சாப்பாடு? மருத்துவர் பார்க்கும்வரை எதுவும் வேண்டாம். தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். அப்புறம் அவர் சரி என்றால், குழைய வடித்த சோற்றில் தோல் நீக்கி வேகவைத்த கோழிக்கறியைப் பிசைந்து, நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். உப்பு, மசாலா கூடாது. போகும்போது வாந்தியைப் படம் பிடித்துக்கொண்டு போங்கள். பிரியாணியில் போட்ட வெங்காயம், பூண்டின் அளவையும், முந்திரியோடு உலர்திராட்சை சேர்த்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதற்கான சிகிச்சையே வேறு.