விசிறி ஏன் நின்றுவிட்டது?

அன்புள்ள ஐயா,

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த விமானப்படை சாகச நிகழ்ச்சியில் எடுத்த சில படங்களை இணைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது 70-300 மி.மீ. லென்ஸ். ஷட்டர் வேகத்தை 1/2000 நொடியில் வைத்துவிட்டு, கடைசிவரை மாற்றவேயில்லை. படங்கள் கூர்மையாகத்தான் வந்திருக்கின்றன. ஆனால் விமானப்படையின் சாரங் சாகசக் குழு ஹெலிகாப்டர்கள் நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மைகளைப் போலத் தெரிகின்றன. ரஃபேல் போர் விமானமோ வெறும் கறுப்பு நிழல். 600 மி.மீ. லென்ஸ் வாங்கினால் சரியாகுமா? கண்ணாடிப் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் போடலாமா?

வாசகர், பழவந்தாங்கல்

அன்புள்ள நண்பருக்கு,

லென்ஸ் வாங்கும் யோசனையை ஒத்திவையுங்கள். குறை லென்ஸில் இல்லை, அந்த 1/2000-இல் இருக்கிறது.

சாரங் குழுவினர் ஓட்டுவது துருவ் ஹெலிகாப்டர். அதன் மேல்விசிறி நிமிடத்துக்குச் சுமார் 300 முறை சுற்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1/2000 நொடியில் அது ஒரு பாகைகூட நகராது. நான்கு இதழ்களும் அப்படியே நின்றுவிடும், என்ஜின் அணைந்துபோன ஹெலிகாப்டர் ஆகாயத்தில் நிற்பதாகக் கண் நம்பிவிடும். 1/125-க்கு இறக்கினால் 14 பாகைக்கு மேல் நகரும். இதழின் நுனி மங்கி விரிய, சிவப்பு உடலில் தீட்டிய மயில் மட்டும் தெளிவாக நிற்கும். அதுதான் படம்.

அந்த வேகத்தில் உங்கள் கையும் ஆடும் என்பதுதான் சிக்கல். ஆகவே விமானத்தோடு கேமராவும் நகர வேண்டும். விமானம் எந்த இடத்துக்கு வரும்போது படம் எடுக்கப்போகிறீர்களோ, அந்தப் பக்கம் பார்த்துக் கால்களை ஊன்றிக்கொண்டு, இடுப்பை மட்டும் திருப்பிப் பின்தொடருங்கள். பொத்தானை அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தக் கூடாது. பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். முதலில் 1/250-இல் பழகுங்கள், கை படிந்ததும் 1/125-க்கு வாருங்கள். நிறையப் படங்கள் வீணாகும், ஆகட்டும். ரஃபேல், சுகோய் போன்ற ஜெட் போர் விமானங்களுக்கு விசிறி வெளியே தெரியாது. அவற்றுக்கு 1/2000 சரிதான்.

இனி கறுப்பு நிழல். நிகழ்ச்சி நடந்தது காலை 11 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை. அக்டோபர் முதல் வாரத்தில் சென்னையில் அந்த நேரத்துச் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கும். நீங்கள் மணலில் நின்று பார்ப்பது விமானத்தின் வயிற்றை, அங்கே வெயில் படுவதில்லை. போதாததற்கு, பளீரென்ற வானத்தைப் பார்த்த கேமரா, வெளிச்சம் கூடுதல் என்று எண்ணிப் படத்தை இன்னும் இருட்டாக்கிவிடும். கேமரா எடுக்கும் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் ஈடுகட்டலை ஒரு படி ஏற்றி வையுங்கள், வானம் சற்று வெளுத்தால் பரவாயில்லை. அதைவிட நல்ல வழி, பொறுத்திருப்பது. விமானம் சாய்ந்து திரும்பும்போது முதுகு நம் பக்கம் வரும், அதில் முழு வெயிலும் விழும். நம் கடற்காற்றில் ஈரப்பதத்துக்குக் குறைவில்லை. கடுமையான திருப்பங்களில் இறக்கையின் மேல் வெண்பஞ்சாய் நீராவி படர்வதும் அந்த ஒரு நொடியில்தான்.

600 மி.மீ. எதற்கு வேண்டாம் என்கிறேன் தெரியுமா? உச்சிவெயிலில் சுட்ட மணலுக்கு மேல் காற்று நெளியும். தொலைவில் தாழப் பறக்கும் விமானத்தைப் பெரிய லென்ஸால் இழுத்தால், அந்த நெளிவும் சேர்ந்தே பெரிதாகும். எந்த விலை கொடுத்தாலும் அது போகாது. சூரியகிரண் குழுவின் ஒன்பது ஹாக் விமானங்களும் சேர்ந்து தலைக்கு மேல் வரும்போது உங்கள் 70 மி.மீ.யில்கூட எல்லாம் ஒரே படத்தில் அடங்காமல் போகலாம்.

பழவந்தாங்கலில் குடியிருந்துகொண்டு அடுத்த சாகச நிகழ்ச்சிக்காகக் காத்திருப்பானேன்? தூத்துக்குடி போன்ற ஊர்களுக்குப் போய்வரும் ஏ.டி.ஆர். விமானங்களுக்கு ஆறு இதழ் விசிறி உண்டு. வீட்டு மாடியிலிருந்து அவற்றில் பழகுங்கள். விமான நிலையச் சுவரோரம் கேமராவோடு போய் நிற்க வேண்டாம், பாதுகாப்புக் காவலர்களுக்குப் பதில் சொல்லி மாளாது.

மெரினாவுக்கு மறுபடி போவதானால் தண்ணீரும் தொப்பியும் லென்ஸுக்கு முன்னால் பையில் ஏறட்டும். அன்று நிகழ்ச்சிக்கு வந்தவர்களில் ஐந்து பேர் உயிரோடு வீடு திரும்பவில்லை.

போலரைசர் வேண்டாம். ஒளியை விழுங்கிவிடும். விமானியின் கூண்டுக் கண்ணாடியில் வானவில் பட்டைகளையும் காட்டக்கூடும்.

அன்புடன்.