எல்லோரா கைலாசநாதர் கோயிலை மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள் என்பது உண்மையா, இல்லை கட்டுக்கதையா?

உண்மைதான். 16-ஆம் எண் குகை என்று பெயரே தவிர அது குகையே இல்லை. மலையில் அகழி மாதிரி மூன்று பக்கமும் வெட்டி இறக்கி, நடுவில் விட்ட பாறையை உச்சியிலிருந்து செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள், பின்பக்க வெட்டு மட்டும் சுமார் 100 அடி ஆழம். சுவர்களில் உளித் தடம் இன்றும் தெரிகிறது, வேற்றுக்கிரகவாசிகள் கட்டியது என்று சொல்லும் வீடியோக்காரர்கள் அதை மட்டும் காட்டமாட்டார்கள்.

மேலிருந்து செதுக்கியதற்கு ஒரு கதையும் உண்டு: கணவன் பிழைக்க வேண்டி, கோபுரத்தின் உச்சியைப் பார்க்கும்வரை சாப்பிடமாட்டேன் என்று ராணி விரதம் இருந்தாளாம். மகாராஷ்டிரத்துப் பைதான் ஊரிலிருந்து வந்த கோகாசன் என்ற சிற்பி மேலிருந்து ஆரம்பித்து ஒரே வாரத்தில் உச்சியைக் காட்டினானாம். இது ரொம்பப் பிற்கால மராட்டிக் கதை. கட்டியவன் ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன், 8-ஆம் நூற்றாண்டு. அவன் காலத்துக்குப் பிறகு, சுமார் 812-இல் வெளியான வடோதரா செப்பேடு, செய்த சிற்பியே ‘இதை எப்படிச் செய்தேன்!’ என்று வியந்ததாகச் சொல்கிறது. எனக்கு ராணி கதையைவிட இதுதான் பிடிக்கும்.

அப்புறம் ஒன்று, எல்லோரா கோயிலின் அமைப்பு கர்நாடகத்துப் பட்டடக்கல் விருபாட்சர் கோயிலை ஒட்டியது, விருபாட்சர் கோயிலுக்கு முன்மாதிரி நம்ம காஞ்சி கைலாசநாதர் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய விக்கிரமாதித்தன் காஞ்சிக் கோயிலை இடிக்கவில்லை, அதன் செல்வத்தைத் திருப்பிக் கொடுத்ததாக அங்கேயே தூணில் கன்னடத்தில் வெட்டி வைத்திருக்கிறான்.