ஒரே மருந்து, ஒரே மில்லிகிராம்: விழுங்கினால் தாங்கும் உடம்பு, ஊசியில் ஏன் தாங்குவதில்லை?

புற்றுநோய் வலிக்காக அப்பாவுக்குக் கடைசி எட்டு மாதம் மார்ஃபின் கொடுத்துப் பார்த்துக்கொண்டது நான்தான். அந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

விழுங்கிய மருந்து குடலிலிருந்து நேராக ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போய்விடாது. முதலில் கல்லீரலுக்குப் போகும். அங்கே ஒரு பகுதி அழிந்தபிறகு மிஞ்சியதுதான் மற்ற இடங்களுக்குப் போகும். மார்ஃபினில் இந்த இழப்பு மிக அதிகம். சுமார் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். நரம்பில் போடும் ஊசிக்கு இந்த இழப்பே கிடையாது. அதனால்தான் வாய்வழி 30 மி.கி. மார்ஃபினுக்கு ஈடு நரம்பு ஊசியில் 10 மி.கி. என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். மாத்திரையின் எண்ணை அப்படியே ஊசிக்குக் கொண்டுபோனால் மும்மடங்காகிவிடும்.

வேகமும் சேர்ந்துகொள்கிறது. மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலிமருந்துகள் உயிரை எடுப்பது மூச்சை அடக்கித்தான். மாத்திரையில் அளவு மெல்ல ஏறும்போது பெரும்பாலும் தூக்கக் கலக்கம் முன்னாடியே தெரியும், அடுத்த வேளையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடலாம். ஊசியில் அந்த அவகாசமே இருக்காது.

மாத்திரையிலும் ஒரு ஆபத்து உண்டு. அப்பா விழுங்கச் சிரமப்பட்ட ஒருநாள், அவருடைய 12 மணி நேர மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கப் போனேன். என்னவோ தோன்றி நர்ஸுக்கு போன் செய்தேன். "பொடிக்கவே பொடிக்காதீங்கம்மா, நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா வர வேண்டியது ஒரேயடியா இறங்கிடும்" என்றார். கரண்டியைக் கீழே வைத்தபோது என் கை நடுங்கியது.

அப்புறம் ஃபென்டனில் என்ற இன்னொரு ஓபியாய்டுக்கு, தோலில் ஒட்டும் பட்டையாக, மாற்றினார்கள். மார்ஃபினைவிட ஐம்பது முதல் நூறு மடங்கு வீரியமான மருந்து அது, அளவே மைக்ரோகிராமில்தான். தோல் வழியாக 72 மணி நேரம் இறங்கும். பட்டை ஒட்டிய இடத்தில் சூடு பட்டால் வேகமாக உள்ளே போகும், அதனால் முதுகுவலிக்கு வைக்கும் வெந்நீர்ப் பையைக்கூட எடுத்துவிடச் சொன்னார்கள். கடும் காய்ச்சல் வந்தாலும் இதே ஆபத்துதான். பட்டையைப் பிய்த்துவிட்டாலும் தோலுக்கடியில் தேங்கியது பல மணி நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். கழற்றிய பட்டையிலும் குழந்தையின் உயிரைப் பறிக்கும் அளவு மருந்து மிச்சம் இருக்கலாம், ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்துத்தான் அப்புறப்படுத்த வேண்டும்.

இன்னொன்று, மருந்துக்குப் பழகிய உடம்பு தாங்கும் அளவு, அதை நிறுத்திய சில வார இடைவெளியிலேயே குறைந்துவிடும். போதைப் பழக்கத்தை நிறுத்தியிருந்தவர்கள் மறுபடி பழைய அளவுக்கே போய் இறந்துபோவது இதனால்தான். யாராவது உங்களுக்கு வேண்டியவர் அந்த நிலையில் இருந்தால், தயவுசெய்து இதை அவரிடம் சொல்லுங்கள்.

எழுப்பினால் எழாமை, மூச்சு மிக மெதுவாக அல்லது குறட்டைபோலக் கரகரவென்று வருவது, உதடு நீலமாவது, கண்பாவை ஊசிமுனைபோல் சுருங்குவது: இவற்றைப் பார்த்தால் காத்திருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நலாக்சோன் என்ற மருந்து கையில் இருந்தால் உடனே கொடுங்கள். ஆனால் அதன் வேலை 30 முதல் 90 நிமிடம்தான். ஓபியாய்டு அதற்குமேலும் உடம்பில் நிற்கலாம். ஆள் கண் விழித்துப் பேசினாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.