கீச்சிடும் குரலைக் கனவுக் குரலாக்க

கேள்வி: தங்கை பாடிய ஒரே ஒரு ‘ஆ’காரத்தைச் சாம்ப்ளரில் (பதிந்த ஒலியை வெவ்வேறு சுருதிகளில் வாசிக்க உதவும் கருவி) ஏற்றி, கீபோர்டில் முன்னணி மெட்டாக வாசிக்கிறேன். மேல்ஸ்தாயியில் அது கீச்சிடுகிறது. நான் எதிர்பார்த்த கதகதப்பும் கனவுத்தன்மையும் வரவில்லையே, என்ன செய்வது?

பதில்: எளிய சாம்ப்ளர் ஒரு ஸ்தாயி மேலே வாசிக்கும்போது பதிவை இரு மடங்கு வேகத்தில் ஓட்டுவதால், சுருதியோடு சேர்ந்து, வாய், தொண்டை ஆகியவற்றின் வடிவம் குரலுக்குத் தரும் ஒத்ததிர்வுகளான ஃபார்மன்ட்டுகளும் மேலேறிவிடுகின்றன, பாடுபவரின் தலையே சுருங்கிவிட்டதுபோல் கேட்பது இதனால்தான். ஆகவே, தங்கையை மேல்சுருதியில் மெதுவாக, மூச்சுக்காற்று கலந்து பாடச்சொல்லிப் பதிந்து, அதை நான்கைந்து அரைச்சுரங்கள் கீழே இறக்கி வாசித்துப் பாருங்கள். பாதிக் கதகதப்பு அங்கேயே கிடைத்துவிடும்.

சுரம் நீள்வதற்காகப் பதிவின் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப் ஒட்டும் இடத்தில் ‘டக்’கென்ற ஓசை எழாதபடி கிராஸ்ஃபேட் கொடுங்கள், அதாவது அதன் முடிவும் தொடக்கமும் ஒன்றில் ஒன்று கரையட்டும். சுரத்தின் தொடக்கம் 60 மில்லிவினாடி அளவுக்கு மெல்ல எழட்டும். அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 120 ஹெர்ட்சுக்குக் கீழே வெட்டி, 3 கிலோஹெர்ட்சை ஒட்டிய கூர்மையை இரண்டு மூன்று டெசிபல் குறைத்து, மேல் அதிர்வெண்களை மழுக்கும் லோபாஸ் ஃபில்டரை 7 கிலோஹெர்ட்ஸ் அருகே வைத்தபின், பழைய ஒலிநாடாவின் கதகதப்பான சிதைவைத் தரும் டேப் சாச்சுரேஷனை இலேசாகச் சேருங்கள். ஒரு குரலைப் பல குரல்போல் ஒலிக்கவைக்கும் கோரஸ் எஃபெக்ட்டில் கைவைக்கும்போது மட்டும் கஞ்சத்தனம் நல்லது. கூடினால் சுருதியே கலங்கும்.

பெரிய கூடத்தில் பாடுவதுபோன்ற எதிரொலியைத் தரும் ரிவெர்பைக் குரலின் மீதே போடாமல், தனித் தடத்திற்கு அனுப்பி, நான்கு வினாடி நீளமும் 40 மில்லிவினாடி முன்தாமதமும் (குரலுக்கும் எதிரொலித் தொடக்கத்துக்கும் இடையிலான இடைவெளி) வையுங்கள். அந்தத் தடத்தில் 300 ஹெர்ட்சுக்குக் கீழே வெட்டிவிட்டால், எதிரொலி நீண்டாலும் மெட்டு எளிதில் மூழ்காது.