கோலமாவு டப்பா மூடியில் ஒரு மாத்திரை

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. பி.பி. மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று. ஞாபகப்படுத்தும் ஆப் ஒன்றை அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். அலாரம் அடித்ததும் ‘சாப்பிட்டேன்’ என்று அழுத்திவிடுகிறார். மாத்திரை அட்டை அப்படியே இருக்கிறது. இதைவிட நல்ல ஆப் உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஆப்பை விடுங்கம்மா. அலாரம் அடிக்கும்போது அப்பா திண்ணையில் இருப்பார், மாத்திரை பீரோவில் இருக்கும். சத்தத்தை நிறுத்தக் கைக்கு எட்டுகிற பெரிய பொத்தானில் ‘சாப்பிட்டேன்’ என்று எழுதிவைத்தது என்னைப் போல இந்த வடிவமைப்பு வேலை பார்ப்பவர்கள்தான். மனிதர் என்ன செய்வார்?

நானே என் அம்மாவிடம் தோற்றவள். அவளுக்குத் தைராய்டு மாத்திரை. வெறும் வயிற்றில் போட்டு அரை மணி நேரமாவது கழித்துத்தான் காபி. முப்பது கட்டம் போட்ட அட்டையை அழகாக அச்சடித்து ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு கட்டத்துக்கும் ஒரே மூச்சில் டிக் போட்டாள். கேட்டதற்கு, “நான் என்ன ஹோம்வொர்க் எழுதற பிள்ளையாடி?” என்றாள்.

அதற்குப் பிறகுதான் புத்தி வந்து, ஒரு வாரம் அவளோடு ஐந்து மணிக்கு எழுந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் பெருக்கித் தெளிப்பதற்குமுன் கோலமாவு டப்பாவை எடுத்துப் படியில் வைப்பாள். கோலம் முடித்து உள்ளே வந்து, பால் காய்ச்சி, டிகாக்‌ஷன் கலந்து டம்ளரைக் கையில் எடுக்க முப்பத்தைந்து நிமிடம். டாக்டர் கேட்ட அரை மணி நேரம் ஏற்கெனவே வீட்டில் இருந்திருக்கிறது! மாத்திரை அட்டையை ரப்பர் பேண்ட் போட்டு டப்பா மூடியில் மாட்டினேன், பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

இதிலும் ஓட்டை உண்டு. பெரியப்பா தவறியபோது பத்து நாள் கோலம் இல்லை. பதினோராம் நாள் எண்ணினால் எட்டு மாத்திரை மிச்சம். இப்போது தீட்டு நாட்களில் அட்டை பல் தேய்க்கும் பிரஷ் டம்ளருக்கு இடம் மாறிவிடும்.

உங்கள் அப்பா காலையில் முதலில் எதைத் தொடுகிறார்? மூக்குக் கண்ணாடியா, விபூதித் தட்டா? இரவில் கடைசியாக, கொசு மெஷின் சுவிட்சா? மூன்று நாள் பாருங்கள்.

சாப்பிட்டாரா என்று தெரிந்தே ஆகவேண்டுமென்றால், பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தில் காசநோயாளிகளுக்காக உருவான ‘99டாட்ஸ்’ முறையைச் சொல்வேன். மாத்திரை அட்டைக்கு ஒரு காகித உறை. மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால்தான் உள்ளே மறைந்திருக்கும் போன் நம்பர் தெரியும். அடுத்து எந்த நம்பர் வரும் என்று ஊகிக்க முடியாது. அந்த நம்பருக்குக் காசில்லாமல் ஒரு அழைப்பு விட்டால் போதும், பட்டன் போன்கூடப் போதும். பிதுக்கித் தூர எறிந்துவிட்டும் அழைக்கலாம்தான். ஆனால் கைக்கு வந்துவிட்ட மாத்திரையை எறிவதற்குத் தனியாக மெனக்கெட வேண்டும்.

‘போட்டேனா, போடலையா’ என்ற குழப்பம்தான் என்றால் மெடிக்கல் ஷாப்பில் கிழமை போட்ட டப்பா கிடைக்கும். இந்த யோசனை பழசு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டேவிட் வாக்னர் என்ற பொறியாளர், மனைவியின் கருத்தடை மாத்திரைக்காக நாள் காட்டும் வட்ட டப்பா ஒன்று செய்து 1964-ல் காப்புரிமை வாங்கினார்.

இன்னொன்று. அவர் மறக்காமலே தவிர்க்கிறாரா என்றும் மெதுவாகக் கேளுங்கள். சில பி.பி. மாத்திரைகள் காலை வீங்கவைக்கும், சிலது அடிக்கடி ஒன்றுக்குப் போகவைக்கும். பஸ்ஸில் போகிற நாளில் யார் போடுவார்? அப்படியென்றால் டப்பாவை விட்டுவிட்டு டாக்டரிடம் பேசுங்கள். மாத்திரையையோ நேரத்தையோ மாற்ற வேண்டியது அவர்தான்.

கேள்வி: டாஸ்மாக்கில் காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் தருகிறார்களே, குடித்துவிட்டு எறிகிறவன் இதனால் திருந்துவானா?
– வாசகர், ஈரோடு

பதில்: திருந்த வேண்டிய அவசியமே இல்லை, அதுதான் இதன் அழகு. காட்டில் கிடக்கும் கண்ணாடிச் சில்லு விலங்குகளின் காலைக் கிழிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2022-ல் நீலகிரியில் தொடங்கியது இது. வாங்கும்போது பத்து ரூபாய் கூடுதல், காலி பாட்டிலைக் கொடுத்தால் அது திரும்ப வரும். போதையில் எறிகிறவன் எறியட்டும். அவன் பத்து ரூபாயை எறிகிறான், பின்னால் வருகிறவர் குனிந்து எடுத்துக்கொள்கிறார். குன்னூர்ச் சரிவில் சாக்குப்பையோடு ஏறிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். “இந்த சரிவுல இப்பல்லாம் ஒண்ணும் மிஞ்ச மாட்டேங்குது கண்ணு” என்று அலுத்துக்கொண்டார். கடை ஊழியர்கள் கூடுதல் வேலை என்று எதிர்த்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பாட்டிலை வாங்கி அடுக்க ஆளும் இடமும் கொடுக்காமல் அதே கவுன்ட்டரின் தலையில் கட்டினால் முணுமுணுக்கத்தான் செய்வார்கள்.

கேள்வி: ஸ்வீடனில் மெட்ரோ படிக்கட்டைப் பியானோவாக மாற்றியதும் எல்லோரும் படியேறினார்களாமே! எங்கள் கல்லூரியில் லிஃப்ட் கூட்டத்தைக் குறைக்க அப்படிச் செய்யலாமா? இப்போது படிக்கட்டு கட்டடத்தின் பின்பக்கம் இருக்கிறது. மூன்றாவது மாடிக் கதவை வாட்ச்மேன் பூட்டிவைத்திருப்பார்.
– மாணவி, திருநெல்வேலி

பதில்: அது 2009-ல் ஸ்டாக்ஹோமின் ஓடன்ப்ளான் நிலையத்தில் வோக்ஸ்வேகன் கார் கம்பெனி விளம்பரத்துக்காகச் செய்தது. வழக்கத்தைவிட 66 சதவீதம் பேர் கூடுதலாகப் படியேறியதாக அவர்களே சொன்னார்கள். வேடிக்கைக்கு யாரும் ஏறுவார்கள்; தினமும் நான்கு முறை ஏறுகிறவருக்கு மூன்றாம் வாரம் அந்தச் சத்தமே தலைவலி. முதலில் வாட்ச்மேனிடம் சாவி வாங்குங்கள்.